ஆறு மாதம் பகல்... ஆனாலும் பனி ஏன் தீரவில்லை?



“ஐயா, வடதுருவத்தில் ஆறு மாதம் பகல் என்று சொன்னீர்கள். ஆறு மாதமும் வெயில் அடித்தால் அங்குள்ள பனி ஏன் உருகித் தீரவில்லை?”

சில ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து நின்று கேட்ட வினா இது. மணியடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. “துருவம் சூரியனுக்கு மிகவும் தொலைவில் இருக்கிறதம்மா. அதனால்தான் குளிர்” என்று சொல்லி அமர வைத்தேன். அவளும் தலையாட்டிவிட்டு அமர்ந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அதனைக் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டனர்.

அந்த விடை தவறு. சிறு பிழையன்று, அடிப்படையிலேயே தவறு. வீட்டிற்குச் சென்று நூல்களைப் புரட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. மறுநாள் வகுப்பில் திருத்திச் சொன்னேன். ஆனால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் என்னிடம் பயின்று சென்றவர்களை எங்கே தேடிப் பிடித்துத் திருத்துவது? பின்னர் இதே வினாவைச் சக ஆசிரியர் சிலரிடமும் பெற்றோர் சிலரிடமும் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் நான் சொன்ன அதே விடைதான் வந்தது. ஆகவே, இதனை என்னுடைய பிழையாக மட்டும் கருதாமல், நம் வகுப்பறைகளின் பிழையாகவே கருதி எழுதுகிறேன். பருவகாலம் என்பது எங்கோ பனி கொட்டும் நாட்டில் நிகழும் வேடிக்கை என்பதுபோல் நாம் பாடம் நடத்தி வருகிறோம். அப்படி நடத்துவதால் துருவமும் புரிவதில்லை; நம் சொந்த ஊர் வானமும் புரிவதில்லை.

முதலில் இந்தத் தொலைவுக் கதையை முடித்துவிடுவோம்.

பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். பூமியின் ஆரம் ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டில் உச்சிவெயிலில் நிற்பவரைவிடத் துருவத்தில் நிற்பவர் சூரியனிடமிருந்து ஏறக்குறைய இந்த ஆரத்தின் அளவே விலகியிருக்கிறார். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம்: ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் 330 கிலோமீட்டர் பயணத்தைச் சூரியனின் தொலைவாக வைத்துக்கொண்டால், அந்த 6,400 கிலோமீட்டர் என்பது வெறும் 14 மீட்டர். ஒரு விரைவுப் பேருந்தின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். முன்னிருக்கையில் இருப்பவர் கோலாலம்பூருக்கு அருகில் இருப்பதால் அவருக்கு வியர்க்கிறது, பின்னிருக்கையில் இருப்பவர் தொலைவில் இருப்பதால் அவர் நடுங்குகிறார் என்று சொன்னால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையும் சிரித்துவிடும். அதைத்தான் நான் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் அறிவியல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!

இன்னொரு செய்தியும் உண்டு. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில். அப்போது ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். மிகவும் விலகிச் செல்வது ஜூலை முதல் வாரத்தில், ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டர். சைபீரியா உறைந்து கிடப்பதோ அதே ஜனவரியில். தொலைவுதான் காரணமென்றால் உலகம் முழுவதற்கும் ஜனவரியில் கோடை வந்திருக்க வேண்டாமா?

இந்தத் தவற்றுக்குப் பாதிப் பொறுப்பு நாம் கரும்பலகையில் வரையும் படத்திற்கு உண்டு. பூமியின் பாதையைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பதுபோல் முட்டை வடிவில் வரைகிறோம். பிள்ளை அதைப் பார்த்து, இந்த ஓரத்தில் அருகில், அந்த ஓரத்தில் தொலைவில் என்று தானாகவே முடிவு கட்டிக்கொள்கிறது. உண்மையில் பூமியின் பாதையை ஒரு மீட்டர் அகலத்தில் வரைந்தால், நீளத்திற்கும் அகலத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான். சுண்ணக்கட்டியின் கோடே அதைவிடத் தடிப்பு. வட்டமாகவே வரைந்துவிடலாம்.

சரி, தொலைவு இல்லையென்றால் வேறு எது? சாய்வு. இதைச் சொல்ல நமக்கு இறக்குமதிச் சொல் எதுவும் தேவையில்லை. இளவெயில் என்கிறோம், உச்சிவெயில் என்கிறோம். காலை இளவெயிலில் குழந்தையைக் காட்டலாம் என்று பாட்டிமார் சொல்வர். உச்சிவெயிலில் வெளியே போகாதே என்று அதட்டுவர். காலையில் சூரியன் தொலைவில் இருந்தது, நண்பகலில் அருகில் வந்துவிட்டது என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. சாய்ந்த வெயில் பரந்து விழுகிறது, அதனால் சூடு குறைவு. நிமிர்ந்த வெயில் குவிந்து விழுகிறது, அதனால் சூடு அதிகம். கைவிளக்கைச் சுவரில் நேராகவும் சாய்வாகவும் அடித்துக் காட்டினால் போதும்.

துருவத்துக் கோடையை ஜொகூர்ப் பிள்ளைக்கு விளக்க நான் கண்ட மிக எளிய வழி இதுதான். வடதுருவத்தில் சூரியன் மிக உயரமாக நிற்பது ஜூன் 21ஐ ஒட்டிய நாள்களில். அப்போது அதன் உயரம் அடிவானிலிருந்து ஏறத்தாழ 23.4 பாகை. நம் ஊரில் சூரியன் அந்த உயரத்தை எட்டுவது காலை எட்டரை மணிக்குச் சற்றுப் பின்னர். அதாவது, நம் காலை எட்டரை மணி வெயில் ஏறாமல், இறங்காமல், இருபத்துநான்கு மணி நேரமும் தலையைச் சுற்றி வட்டமிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் துருவத்தின் உச்சகட்டக் கோடை. உச்சிவெயில் அங்கு ஒருநாளும் இல்லை.

நம் கொடிக்கம்பத்தை அங்கே கொண்டுபோய் நட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மீட்டர் கம்பம் என்றால் அதன் நிழல் ஏறத்தாழ 14 மீட்டர் நீளத்திற்கு விழும். அந்த நிழல் நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது. கடிகார முள்போல் கம்பத்தை ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றி வரும்.

இங்கே ஒரு திருத்தம். “துருவப் பகுதியில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு” என்று பயிற்சி நூல்களில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது சரியாகத் துருவப் புள்ளிக்கு மட்டுமே பொருந்தும். துருவ வட்டத்தில், அதாவது ஏறத்தாழ 66.5 பாகை அகலாங்கில், சூரியன் மறையாத நாள் ஆண்டுக்கு ஓரிரு நாள்தான். அங்கிருந்து துருவத்தை நோக்கிப் போகப் போக அது வாரங்களாகவும் மாதங்களாகவும் வளர்கிறது. ‘ஆறு மாத இரவு’ என்பதும் முழுக் காரிருள் அன்று. வடதுருவத்தில் செப்டம்பர் இறுதியில் சூரியன் மறைந்த பிறகும் அந்தி வெளிச்சம் நவம்பர் நடுப்பகுதி வரை மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். ஜனவரி இறுதியில் மறுபடியும் வெளிச்சம் ஊறத் தொடங்கும். உண்மையான காரிருள் ஏறத்தாழ இரண்டரை மாதம். விரைவிலேயே இருட்டிவிடும் ஊரில் வாழும் நமக்கு ஆறேழு வாரம் நீளும் அந்தியைக் கற்பனை செய்வது கடினந்தான்.

இப்போது அந்த மாணவியின் வினாவுக்கு வருவோம். அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பது கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஜூன் 21இல், காற்றுமண்டலத்தின் மேல் விளிம்பில் ஒரு முழு நாளில் வந்து சேரும் சூரிய ஆற்றலைக் கணக்கிட்டால், நிலநடுக்கோட்டைவிட வடதுருவத்திற்கே அதிகம் கிடைக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம்! எட்டரை மணி வெயில்தான் என்றாலும் இருபத்துநான்கு மணி நேரமும் கொட்டுகிறது அல்லவா? “ஆறு மாதமும் வெயில் அடித்தால்...” என்று அவள் ஐயப்பட்டதில் நியாயம் இருந்தது. நியாயம் இல்லாதது என் விடையில்தான்.

வந்த வெயில் எங்கே போகிறது? சாய்ந்து வருவதால் தடித்த காற்றடுக்கைக் கடந்து வர வேண்டும். வழியிலேயே கொஞ்சம் போய்விடும். தரைக்கு வந்ததில் பெரும்பகுதியைப் பனி திருப்பி அனுப்பிவிடும். புதிதாய்ப் பெய்த பனி 80 விழுக்காட்டுக்கும் மேலான ஒளியை எதிரொளித்துவிடுகிறது. எஞ்சியதும் காற்றைச் சூடாக்கப் போவதில்லை. பனியை உருக்கவே செலவாகிறது. சுழியப் பாகையில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை அதே சுழியப் பாகை நீராக உருக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு, அந்த நீரை 80 பாகை வரை கொதிநிலைக்கு அருகே கொண்டுபோய்விடலாம். உணவுக்கடையில் ஐஸ் மைலோ வாங்கிவைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருங்கள். கட்டி மிதக்கும் வரை மைலோ சூடேறாது. ஆர்க்டிக் பெருங்கடலும் அப்படித்தான். கோடை முழுவதும் அதன் மேலுள்ள காற்று சுழியத்தை ஒட்டியே நிற்கிறது.

பிறகு குளிர்காலம். வரவே இல்லாமல் செலவு மட்டும் நடக்கும் மாதங்கள். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் துருவத்திற்குக் கிடைக்கும் வெயில் நிலநடுக்கோட்டிற்குக் கிடைப்பதில் ஐந்தில் இரண்டு பங்குதான். ஆர்க்டிக் கடற்பனி மிகவும் சுருங்குவது வெயில் உச்சத்தில் இருக்கும் ஜூனில் அன்று, செப்டம்பரில். மிகவும் விரிவது டிசம்பரில் அன்று, மார்ச்சில். சேமிப்புக் கணக்கு போன்றது இது. வரவு குறையத் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் இருப்பு ஏறிக்கொண்டே இருக்கும். நம் ஊரிலும் சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தைவிட அதற்குப் பின்புதானே புழுக்கம் கூடுகிறது.

இரண்டு துருவங்களும் ஒன்றுபோல என்று நினைப்பதும் தவறு. வடக்கே நிலம் சூழ்ந்த கடல். தெற்கே கடல் சூழ்ந்த நிலம். வடதுருவத்தின் அடியில் கடல்நீர் இருப்பதால் குளிர்காலத்தில் ஏறத்தாழ -30 பாகையோடு நின்றுவிடுகிறது. தென்துருவமோ 2,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பெரும்பாலும் பனியாலேயே ஆன பீடபூமியில் இருக்கிறது. அங்கே குளிர்காலச் சராசரி ஏறத்தாழ -60. கோடையிலும் -28 அளவுதான். தென்துருவத்தில் 2011 டிசம்பர் 25இல் -12.3 பாகை பதிவானது. அது அப்போது அங்கே பதிவான வரலாறு காணாத ‘வெப்பம்’! உலகிலேயே மிகக் குறைந்ததாக நிலையத்தில் அளக்கப்பட்ட -89.2 பாகையும் அண்டார்க்டிக்காவில்தான், வோஸ்டோக் நிலையத்தில், 1983 ஜூலை 21இல். ஆனால், சைபீரியாவின் வெர்க்கோயான்ஸ்க் ஊரில், துருவ வட்டத்திற்குள்ளேயே, 2020 ஜூன் 20இல் 38 பாகை பதிவாகி, அடுத்த ஆண்டில் உலக வானிலை அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது. ஜொகூரின் வழக்கமான நண்பகலைவிட அது அதிகம். அதே ஊரில் ஜனவரிச் சராசரி -40க்கும் கீழே போகும். துருவம் என்றால் எப்போதும் எங்கும் ஒரே குளிர் என்று மனப்பாடம் செய்த பிள்ளை இதை எப்படிப் புரிந்துகொள்ளும்?

இதெல்லாம் தமிழருக்குத் தொடர்பில்லாத இடங்கள் என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் நார்வே நாட்டில் ஏதிலியராகக் குடியேறினர். அவர்களுள் கணிசமானோர் அந்நாட்டின் வடகோடியான ஃபின்மார்க் பகுதியில், துருவ வட்டத்திற்கு மிக வடக்கே உள்ள கடற்கரைச் சிற்றூர்களில், மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தனர். பனையும் வெயிலுமாக இருந்த மண்ணில் பிறந்தவர்கள் சூரியனே எழாத வாரங்களில் மீன் வெட்டினர். அந்த வட்டாரத்தின் பெரிய நகரமான ட்ரோம்சோ 69.6 பாகை வடக்கில் இருக்கிறது, வெர்க்கோயான்ஸ்க்கைவிட வடக்கே. ஆயினும் அங்கே ஜனவரிச் சராசரி -3, -4 பாகை அளவில்தான் இருக்கிறது. காரணம், அட்லாண்டிக் பெருங்கடல் தெற்கிலிருந்து சுமந்து வரும் வெந்நீரோட்டம். சாய்வு ஒன்று, பக்கத்தில் கடலா நிலமா என்பது மற்றொன்று; இரண்டும் சேர்ந்துதான் ஓர் ஊரின் பருவத்தை எழுதுகின்றன. துருவப் பாடத்தில் இந்த ஒப்பீட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

ட்ரோம்சோவில் நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் கணக்குப்படி மீண்டும் அடிவானைத் தொடுவது ஜனவரி நடுவில். மலைகள் மறைப்பதால் ஊருக்குள் கண்ணில் படுவது ஜனவரி 21ஐ ஒட்டி. ஜனவரி நடு என்றால் நமக்கு என்ன நாள்? தைப்பொங்கல்! ஞாயிற்றுக்கு நன்றி சொல்லும் நாளில், நாம் கண் கூசக் கூச நின்று பொங்கல் வைக்கிறோம். அங்குள்ள தமிழ்ப்பிள்ளைக்கோ ஏறத்தாழ அதே நாள்களில்தான் ஞாயிறே திரும்பி வருகிறது. பொங்கல் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது இதையும் சொன்னால் பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்க்கலாம். (உத்தராயணம் தை முதல் நாளில் தொடங்குவதாக நாம் சொன்னாலும் சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21, 22இல். பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இடைவெளி இது. அது வேறு பாடம்.)

வானியல் நூல்களில் ஒரு கருத்து உண்டு: மேருவில் இருக்கும் தேவர்களுக்கு அரையாண்டு பகல், அரையாண்டு இரவு என்பது. கி.பி. 499ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டரின் நூலிலும் இது வருகிறது. உடனே, நம் முன்னோர் வடதுருவம் போய் வந்தார்கள் என்று புறப்பட்டுவிட வேண்டாம். போகாமலேயே, பூமி உருண்டை என்பதைக் கொண்டு கணக்கிலேயே கண்டறிந்தார்கள் என்பதுதான் அதில் வியப்பு. அந்தக் கணக்கைத்தான் நாம் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். பெருமையை மட்டும் தந்து பயனில்லை.

துருவத்துக் குளிர் நம் வீட்டுக்கே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் போன்ற ஊர்களை மூழ்கடித்த வெள்ளத்தை ஜொகூர்க்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளம் வந்தது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில். அக்காற்றின் தொடக்கம் எங்கே? வடக்கே இரவுகள் நீளும்போது சைபீரிய, மங்கோலிய நிலப்பரப்பு தன் வெப்பத்தை இழந்து உறைகிறது. அதன் மேலுள்ள காற்று குளிர்ந்து கனத்துப் படிகிறது. கனத்த காற்று தெற்கே வழிந்து, சீனத்தைக் கடந்து, தென்சீனக் கடலின் வெதுவெதுப்பான நீரில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் தலையில் கொட்டுகிறது. அவ்வப்போது அந்தக் குளிர்காற்று வேகமெடுத்துப் பாயும்போதுதான் நாள்கணக்கில் விடாத மழை. வகுப்பில் ‘நான்கு பருவங்கள்’ என்று நாம் பனிமனிதன் படம் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே டிசம்பரில், அந்தப் பனிக்காலம் மழையாக மாறி நம் கூரையில் தட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொடர்பை எத்தனை வகுப்புகளில் சொல்கிறோம்?

நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். தமிழ்மொழிப் பாடத்தில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது மனப்பாடம். அது தமிழகத்து மண்ணின் கணக்கு. ஆங்கிலத்தில் நான்கு பருவங்கள்; அது வடக்கு நாடுகளின் கணக்கு. இரண்டும் வேண்டியவையே. குறை கூறவில்லை. ஆனால், தான் நிற்கும் ஜொகூர் மண்ணில் சூரியன் என்ன செய்கிறது என்பதை மட்டும் அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. “நம் நாட்டில் பருவமே இல்லை, ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். தன் ஊரைப் பற்றி அறிவியல் சொல்வதற்கு எதுவுமில்லை என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் படிந்தால், அறிவியல் என்பதே அடுத்தவர் சொத்து என்ற எண்ணமாக அது வளரும். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான்.

ஆங்கிலத்தில் படித்தால் இவையெல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணும் பெற்றோருக்கும் ஒரு சொல். 2003 தொடங்கிச் சில ஆண்டுகள் நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடந்ததை அறிவீர்கள். 1987இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவின்போது ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். பட்டதாரிகள், பேராசிரியர்கள் உள்ளிட்ட 23 பேரிடம் பருவங்கள் ஏன் மாறுகின்றன, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்று கேட்டார்கள். 21 பேரால் சரியாக விளக்க முடியவில்லை. பருவத்தைப் பற்றிப் பேசியவர்கள் தயங்காமல் சொன்னது அதே தொலைவுக் கதை! அவர்கள் பேசியது ஆங்கிலம். படித்தது உலகின் முன்னணிப் பல்கலைக்கழகம். குறை மொழியில் இல்லை. பார்க்காமல் படிப்பதில் இருக்கிறது.

பார்ப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? பள்ளித் திடலில் கொடிக்கம்பம் இருக்கிறது. ஜொகூர் பாரு ஏறத்தாழ 1.5 பாகை வடக்கில் உள்ளது. ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாயும் நம் மாநிலத்தில்தான். நிலநடுக்கோட்டிற்கு இத்தனை அருகில் இருப்பதால் நமக்கு ஒரு பேறு வாய்த்திருக்கிறது. நம் நண்பகல் நிழல் ஆண்டில் பாதி தெற்கே விழும். மறுபாதி வடக்கே விழும். ஜூன் 21ஐ ஒட்டி ஆறு மீட்டர் கம்பத்தின் நண்பகல் நிழல் தெற்கே ஏறத்தாழ 2.4 மீட்டர். டிசம்பர் 21ஐ ஒட்டி வடக்கே ஏறத்தாழ 2.8 மீட்டர். துருவ வட்டத்திற்கு வடக்கே வாழும் பிள்ளைக்கு நண்பகல் நிழல் ஒருபோதும் தெற்கே விழாது. பூமியின் சாய்வை இரு பக்கமும் காட்டும் பெரிய கருவி நம் திடலிலேயே நிற்கிறது. நாம் அதில் கொடி மட்டும் ஏற்றிவிட்டு வகுப்புக்குள் போய்விடுகிறோம்.

நான் செய்து பார்த்த முறையைச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை, நண்பகலில், நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்து நாள் எழுத வேண்டும். நண்பகல் என்றால் 12 மணி அன்று. நம் கடிகாரம் கிழக்கே 120 பாகைத் தீர்க்காங்கின் நேரம். நாம் இருப்பது 104க்கும் உள்ளே. ஆகவே ஜொகூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணியை ஒட்டி, நவம்பரில் 12.50 அளவில், பிப்ரவரியில் 1.20 அளவில். பள்ளி முடியும் நேரமாகையால் பிள்ளைகளை நிறுத்திவைக்கப் பெற்றோரின் ஒத்துழைப்பு வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. மேகம் மூடினால் மறுநாள். மழை புள்ளியை அழித்துவிடும் என்பதால் அளந்து குறிப்பேட்டிலும் எழுதிவைப்பது நல்லது. (முதல் முறை இதைச் செய்யாமல் மூன்று மாத உழைப்பை மழைக்குக் கொடுத்தேன்.) பெற்றோர் வீட்டு வாசலில் துடைப்பக் கட்டையை நட்டுவைத்தும் செய்யலாம்.

ஆறு மாதப் புள்ளிகள் சேர்ந்த பிறகு துருவப் பாடத்தை எடுத்துப் பாருங்கள். “பூமி சாய்ந்திருக்கிறது” என்று சொல்லத் தேவையே இருக்காது, அவர்களே சொல்வார்கள். அப்போது ஒரு பந்தில் குச்சியைக் குத்தி, குச்சியின் முனை எப்போதும் வகுப்பின் ஒரே மூலையைக் காட்டும்படி விளக்கைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். பூமி ஜூனில் இந்தப் பக்கம் சாய்ந்து டிசம்பரில் அந்தப் பக்கம் சாய்கிறது என்று பல பிள்ளைகள் நினைக்கின்றனர். அது சாய்வை மாற்றுவதே இல்லை. சூரியன் இருக்கும் பக்கம்தான் மாறுகிறது. நடந்து பார்த்தால் ஒரு சுற்றிலேயே இது விளங்கிவிடும்.

நம் ஊரில் நண்பகல் நிழல் காலடிக்குள் ஒடுங்கும் நாள்கள் ஆண்டுக்கு இரண்டு: மார்ச் 24ஐ ஒட்டி ஒன்று, செப்டம்பர் 19ஐ ஒட்டி மற்றொன்று. ஓரிரு நாள் முன்பின் ஆனாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. செப்டம்பரில் பகல் 1 மணி, மார்ச்சில் 1.10.

சென்ற முறை செப்டம்பரில் திடலில் நின்று தத்தம் நிழலைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: “ஐயா, வடதுருவத்தில் நின்றால் எல்லாப் பக்கமும் தெற்குதானே? அப்படியானால் அங்கே நிழல் எந்தத் திசையில் விழும்?”

விடையை நான் சொல்லவில்லை. பந்தையும் குச்சியையும் அவன் கையில் கொடுத்தேன்.